பனிமலைக் கடையில் இருவருக்கு ஓர் அறை

உங்களில் சிலர் இந்தக் குளிர்காலத்தில் மலைக்குப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சமையலுக்கும் பரிமாறலுக்கும் மட்டுமல்ல, பொறுப்பாளர்களாகவும் போகிறீர்களாம். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. நாங்கள் போன காலத்தில், பனிச்சறுக்கு மலைக்கு வேலைக்குப் போகிறோம் என்று பாரிசில் நம் ஆட்கள் கூடும் லா சப்பலில் யாரிடமாவது சொன்னால், "அங்கை போய் விழுந்து காலை முறிக்கவோ?" என்றுதான் கேட்பார்கள்.

போன கிழமை ஒரு தங்கை என்னிடம் கேட்டாள்: "அன்ரி, வருசத்திலை நாலு மாசம் மட்டும் திறக்கிற சாப்பாட்டுக்கடை எப்பிடி லாபத்திலை ஓடும்?" கணக்கை உங்கள் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். எதை என்ன விலைக்கு வாங்கி என்ன விலைக்கு விற்பது, எவ்வளவு வீணாகப் போகும், எத்தனை பேரைச் சம்பளத்துக்கு வைப்பது என்பதெல்லாம் அதில் வரும். நான் சொல்லக்கூடியது வேறு. கடை நிறைந்திருக்கும்போது, தொலைபேசி அடிக்கும்போது, கேட்டு முடிவெடுக்கப் பக்கத்தில் ஒருவரும் இல்லாதபோது என்ன செய்வது என்பதுதான் அது. எனக்கு அது எப்படி வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

நானும் என் கணவர் சவிரியும் மன்னாரில் இருந்து பாரிசுக்கு வந்தது எண்பதுகளின் நடுப்பகுதியில். அவர் முதலில் வந்தார். நான் நெடுநாள் காத்திருந்து பின்னால் வந்து சேர்ந்தேன். லா சப்பலில் மெத்ரோ பாலத்தைப் பார்த்தபடி ஓர் அறை எடுத்திருந்தோம். ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும். அந்தச் சத்தத்துக்குள் கதைக்கப் பழகிக்கொண்டோம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சாப்பாட்டுக்கடையில் அவருக்குப் பாத்திரம் கழுவும் வேலை. எனக்கு முதலில் மரக்கறி வெட்டும் வேலை, பிறகு காசுமேசை. ஒரே கதவால் வேலைக்குள் போய் ஒரே கதவால் வெளியே வந்தோம். கலியாணம் கட்டி அவ்வளவு காலத்தில் நாங்கள் சேர்ந்து வாழ்ந்தது அப்போதுதான்.

அந்தக் கடையை நடத்தியவர் ஒரு பெண். என்னுடைய வயதுதான் இருக்கும். தகப்பனிடமிருந்து கடை அவருக்கு வந்தது. நாங்கள் மதாம் என்று கூப்பிட்டோம். பெயர் வேண்டாம், இங்கேயும் மதாம் என்றே சொல்கிறேன். பாரிஸ் கடையோடு அல்ப்ஸ் மலையில் கேபிள் கார் போய் நிற்கும் உச்சியில் இன்னொரு சாப்பாட்டுக்கடையும் அவருக்கு இருந்தது. பனிக்காலத்தில் மட்டும் திறக்கும். மார்கழி பிறந்தால் பாரிஸ் கடை வேலையாட்களில் பாதிப்பேர் மலைக்குப் போவார்கள்.

ஒரு வருடம் மதாம் என்னைக் கேட்டார். காசுமேசையையும் பரிமாறும் ஆட்களையும் பார்த்துக்கொள்ள அங்கே நம்பிக்கையான ஒருவர் வேண்டும் என்றார். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், சம்பளமும் கூடுதல். ஆனால் ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை. அதில் காலியாக இருந்தது பெண்கள் அறையில் ஒரே ஒரு கட்டில்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சவிரி சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீர் போட்டு வாரும்," என்றார்.

"நீங்கள் தனிய என்ன செய்வியள்?"

"முந்தித் தனியத்தானே இருந்தனான். பழக்கம்."

அந்தப் பழக்கத்தை முடித்து வைக்கத்தானே நான் கடல் தாண்டி வந்தேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஊரில் இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் எங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. "பெண்சாதியை மலைக்கு அனுப்பிப்போட்டு மனிசன் இஞ்சை நிக்குது" என்று லா சப்பலில் கதைத்தவர்களும் இருந்தார்கள். அவர் காதில் விழுந்திருக்கும். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

மலையில் ஒரு சாப்பாட்டுக்கடை என்றால் என்னவென்று நான் அங்கே போய்த்தான் பார்த்தேன். உருளைக்கிழங்கில் இருந்து தண்ணீர்ப் போத்தல் வரை எல்லாம் கேபிள் காரில் மேலே வரவேண்டும். குப்பையும் அதிலேதான் கீழே போகவேண்டும். அதனால் அங்கே எறியும் ஒவ்வொரு கரண்டிச் சோறும் பாரிசில் எறிவதைவிடக் கூட நட்டம். காலையில் ஒருவரும் சாப்பிட மாட்டார்கள். மூன்று மணிக்குப் பிறகு வெயில் சரிந்துவிடும், சனம் இறங்கிவிடும். மத்தியானத்தைச் சுற்றி வெயில் எறிக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் கடை. அதுவும் பள்ளிக்கூட விடுமுறைக் கிழமைகளில்தான். மிச்ச நாளெல்லாம் அந்தச் சில கிழமைகளுக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான். காத்திருப்பது எனக்குப் புதிதில்லை.

முதல் பருவத்தில் ஒரு நாள் கடை நிறைந்து வழிந்தது. எனக்குப் பெருமை. மதாமைத் தேடினேன், உள்ளே காணவில்லை. பனிச்சறுக்கு உடுப்போடு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெளியே வாசலுக்கு எதிரே பனியில் நின்றுகொண்டிருந்தார். ஏதோ வாடிக்கையாளர் மாதிரி.

"உள்ளே வந்து பாருங்கள், மேசை ஒன்றும் காலியில்லை," என்றேன்.

"அது எனக்குத் தெரியும். போகிறவர்களைப் பார்க்கிறேன்," என்றார். "கதவு வரை வருகிறார்கள். வரிசையைப் பார்க்கிறார்கள். திரும்பிப் போகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை, பிலோமினா. அவர்களுக்கு எல்லாம் பிடித்திருக்கிறது. போகிறவர்கள்தான் சொல்கிறார்கள்."

அன்று பின்னேரமே சாப்பாட்டுப் பட்டியலைப் பாதியாகக் குறைத்தார். இறைச்சியை ஆளுக்கொரு பதத்தில் வாட்டிக் கொடுக்கும் வேலை நின்றது. சூப், பாற்கட்டிச் சாப்பாடு ஒன்று, பொரித்த உருளைக்கிழங்கு, ஒரு இனிப்பு, சூடான குடிவகைகள். சமையல்காரர்களுக்குக் கோபம், தங்கள் கைவண்ணத்தைக் குறைத்துவிட்டார் என்று. ஆனால் மேசைகள் விரைவாகக் காலியாகி விரைவாக நிறைந்தன. லாபம் தட்டில் இருந்து வரவில்லை. சூடான சொக்கிலேற்றிலும் தேநீரிலும் மசாலா போட்டுச் சூடாக்கிய வைனிலும் இருந்துதான் வந்தது. தட்டு அவர்களை உட்கார வைத்தது, அவ்வளவுதான்.

சாண்ட்விச் கட்டிக்கொண்டு வந்து எங்கள் முற்றத்து நீள வாங்கில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை நான் துரத்தப் போனபோதும் மதாம் தடுத்தார். பதினொன்றரை வரை இருக்கட்டும், வெறுமையான முற்றத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்றார். மத்தியானம் நெருங்கியதும் அவரே போய்ச் சிரித்துக்கொண்டு எழுப்புவார். இதெல்லாம் சொல்லித் தரும் விஷயமில்லை. அவர் நிற்கும் இடத்தைப் பார்த்து நான் எடுத்துக்கொண்டேன்.

இந்த வேலைகளுக்கு நடுவில், கதவு வரை வந்து திரும்புகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சவிரியின் நினைவு வரும். ஒவ்வொருவரும் தொப்பியும் கண்ணாடியும் போட்டிருப்பார்கள். யார் என்று தெரியாது. யாராக இருந்தாலும் அவர் இல்லை என்று தெரியும். கிழமையில் ஒரு நாள் மலையடி ஊரின் தபால் கந்தோரில் இருந்து, லா சப்பலில் நாங்கள் சாமான் வாங்கும் பலசரக்குக் கடைக்குத் தொலைபேசி எடுப்பேன். அவர் அங்கே வந்து நிற்பார். பின்னால் சனம் வெங்காயம் கேட்கும் சத்தம் கேட்கும். அதற்குள் என்னத்தைக் கதைப்பது? "சாப்பிட்டியளோ?" "ஓம். நீர்?" "ஓம்." அவ்வளவுதான். போனை வைத்த பிறகு கேபிள் காரில் மேலே போகும்போது, கதைத்திருக்க வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும்.

இரண்டாவது பருவத்தில், மாசி மாத விடுமுறையின் நடுவில், அவர் மலைக்கு வருவதாகச் சொன்னார். சனி இரவு ரயில், ஞாயிறு மத்தியானம் மேலே, பின்னேரம் நாலு மணி பஸ்ஸில் திரும்பல். திங்கள் காலை பிறிபெக்சர் அரசாங்க அலுவலகத்தில் அவருடைய தற்காலிக விசாப் பத்திரத்தைப் புதுப்பிக்கும் தவணை. அதைத் தவறவிட முடியாது. அந்தப் பத்திரம் இல்லாவிட்டால் வேலை இல்லை. சில மணித்தியாலங்கள்தான். ஆனால் அந்தச் சில மணித்தியாலங்களுக்காக நான் கிழமை முழுவதும் பறந்துகொண்டிருந்தேன். போர்த்துக்கல் சமையல்காரி மரியா, "இன்று உன் ஆளுக்கு நான்தான் சமைப்பேன்" என்று ஆட்டிறைச்சியை ஊறவைத்திருந்தாள்.

ஞாயிறு காலை நல்ல வெயில். அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த நாள் அதுதான் என்று பத்து மணிக்கே தெரிந்தது. மதாம் ஏதோ வேலையாகக் கீழே ஊருக்குப் போயிருந்தார். கடை என் பொறுப்பில். மத்தியானம் முற்றத்தில் ஓர் இருக்கை காலியில்லை. குழந்தைகளோடு வந்தவர்கள், நடக்க மட்டும் வந்த வயதானவர்கள், பனிச்சறுக்கில் நேற்றுத்தான் காலை வைத்தவர்கள். எங்கள் கடையில் அப்போது முதலில் சாப்பாடு, பிறகு காசு. எல்லோருடைய தட்டிலும் சாப்பாடு, ஒருவரிடமும் இன்னும் காசு வாங்கவில்லை.

அந்த நேரத்தில் கேபிள் காரை ஓட்டும் மனிதர் உள்ளே வந்தார். வெயிலில் கருகிய முகம், அதிகம் கதைக்காத ஆள். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மேலே காற்று எழும்புகிறது. மேல்நோக்கி ஆட்களை ஏற்றுவதை நிறுத்திவிட்டோம். கீழே இறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் ஓட்டுவேன், அதுவும் மெதுவாக. சறுக்கி இறங்கத் தெரியாதவர்களை இப்போதே அனுப்பு."

மேல்நோக்கி நிறுத்திவிட்டோம் என்ற சொல் என் நெஞ்சில் விழுந்தது. அதை நினைக்க நேரமில்லை. தொலைபேசி அடித்தது. மதாம்.

"காற்றைப் பற்றிக் கேள்விப்பட்டேன்," என்றார். "ஒவ்வொரு கிழமையும் இப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும். நீ இப்போது வாயைத் திறந்தால் சறுக்கத் தெரிந்தவனும் சேர்ந்து ஓடுவான். கால் மணித்தியாலம் பொறு, காற்று அடங்கலாம்."

"அடங்காவிட்டால்?"

"அங்கே நிற்பது நீ. வானத்தைப் பார்ப்பதும் நீ," என்றார்.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் தன் எண்ணத்தைச் சொன்னார், ஆனால் கட்டளையாகச் சொல்லவில்லை. தூரத்தில் இருக்கும் முதலாளி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வெளியே வெயில் மங்கியது அவருக்குத் தெரியாது. நான் யன்னலால் பார்த்தேன். எதிர்ப்பக்க மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்று மட்டும் இருந்தது. முற்றத்தில் ஒரு சின்னப் பெண் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துச் சூப் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தாய் சாதாரண நடைச் சப்பாத்துத்தான் போட்டிருந்தாள்.

வாங்கில் ஏறினேன். கரண்டியால் சட்டி மூடியில் அடித்தேன். என் பிரெஞ்சு உச்சரிப்பு பாதிப்பேருக்கு விளங்கவில்லை. சிலர் பிறந்தநாள் வாழ்த்து என்று நினைத்துக் கைதட்டினார்கள். மரியா உள்ளேயிருந்து வந்து, அந்தப் பெரிய குரலில், "இறங்குங்கள்! கேபிள் கார் நிற்கப் போகிறது!" என்று கத்தினாள். அது விளங்கியது.

மதாம் சொன்னது அப்படியே நடந்தது. எல்லோரும் ஓடினார்கள். சிலர் தாள் காசை என் கையில் திணித்துவிட்டு மிச்சம் வாங்காமல் போனார்கள். கனபேர் ஒன்றும் கொடுக்காமல் போனார்கள். மரியா கதவில் குறுக்கே நிற்கப் போனாள். "விடு, கதவை அடைக்காதே," என்றேன். கொஞ்ச நேரத்தில் முற்றம் முழுவதும் பாதி தின்ற தட்டுகள். அவற்றின்மேல் பனித்தூள் விழத் தொடங்கியது.

கடைசிப் பெட்டி புறப்படும்போது கேபிள் கார்க்காரர் என்னிடம் வந்தார். "உன் கணவர் கீழே நிற்கிறாராம். பன்னிரண்டு மணியில் இருந்து நிற்கிறார். பெட்டியில் இடமிருக்கிறது, ஏறு."

நான் ஏறியிருக்கலாம். ஆனால் பயிற்சியாளர் ஒருவர் புதிதாகப் பழகும் கூட்டமொன்றோடு மலையின் அந்தப் பக்கம் போயிருந்தார். அவர்கள் இன்னும் திரும்பவில்லை. முகில் மூடினால் அவர்கள் தேடி வரக்கூடிய கூரை எங்களுடையது மட்டும்தான். அடுப்பு எரியவேண்டும், கதவு திறந்திருக்கவேண்டும். மரியாவை விட்டுவிட்டுப் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "போ, நான் பார்க்கிறேன்," என்று சொன்னாள். ஆனால் பொறுப்பு என்னுடையது. பெட்டி போனது. கம்பி சத்தம் போட்டுக்கொண்டு நின்றது.

கொஞ்ச நேரத்தில் மேல் நிலையத்தின் தொலைபேசி அடித்தது. கீழ் நிலையத்தில் இருந்த ஆள் தன் போனைச் சவிரியிடம் கொடுத்திருந்தார்.

"இஞ்சரும்," என்றார்.

"எங்கை நிக்கிறியள்?"

"கீழை, கம்பி தொடங்குற இடத்திலை. நல்ல மனிசன் இவர், கோப்பி தந்தவர்."

"குளிரோ?"

"இல்லை." பல் அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

"சாப்பிட்டியளோ?"

"நீர் மேலை சாப்பாட்டுக்கடை வைச்சிருக்கிறீர், நான் கீழை பசியோடை நிக்கிறன். நல்ல குடும்பம்."

சிரித்தேன். அழுகையும் வந்தது. அவர் கேட்டார்: "எல்லாரும் இறங்கிட்டினமோ?"

"ஓம். பெரிய ஆக்கள், சின்னப் பிள்ளையள் எல்லாரும்."

"நீர் ஏன் இறங்கேல்லை?"

"இன்னும் கொஞ்சப்பேர் வெளியிலை நிக்கினம். அவையள் வந்தால் கதவு திறந்திருக்கவேணும்."

"சரி, அப்ப நில்லும்," என்றார்.

"கோவமோ?"

"என்னத்துக்குக் கோவம்? நீர் இறங்கி வந்திருந்தால்தான் யோசிச்சிருப்பன்." பிறகு குரலை மாற்றி, "உங்கை லைற் ஏதும் இருக்கோ? போடும், பாப்பம்," என்றார்.

ஓடிப்போய் முற்றத்து விளக்கு எல்லாவற்றையும் போட்டேன். ஓடிவந்து போனை எடுத்தேன்.

"தெரியுதோ?"

"ஓம், தெரியுது. வடிவா இருக்கு."

வெளியே பார்த்தேன். முகிலில் எங்கள் முற்றத்து வேலியே எனக்குத் தெரியவில்லை.

பயிற்சியாளரின் கூட்டம் மூன்றரை மணியளவில் வந்தது. ஒருவரை ஒருவர் கயிறு மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பெண்ணுக்குக் கை விறைத்துப்போயிருந்தது. மரியா தன் மடிக்குள் வைத்துச் சூடாக்கினாள். சவிரிக்காக ஊறவைத்த ஆட்டிறைச்சியை அவர்களுக்குத்தான் கொடுத்தோம்.

ஐந்து மணிக்கு முன்பே காற்று அடங்கிவிட்டது. கேபிள் கார் மறுபடி ஓடத் தொடங்கியது. அவருடைய பஸ் நாலு மணிக்கே போய்விட்டது. முதல் பெட்டியில் மதாம் வந்து இறங்கினார். முற்றத்தைப் பார்த்தார். பனியில் மூடிய தட்டுகளைப் பார்த்தார்.

"ஐந்து மணிவரை வைத்திருந்தால் உள்ளேயிருந்து சூடாகக் குடித்துக்கொண்டே இருந்திருப்பார்கள்," என்றார். "பருவத்தின் நல்ல நாளை இழந்துவிட்டோம்."

அது உண்மை. காற்று அடங்கும் என்று மத்தியானமே தெரிந்திருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். மத்தியானம் எனக்குத் தெரிந்தது எதிர்மலை காணாமல் போனது மட்டும்தான். பின்னேரம் வந்து தீர்ப்புச் சொல்வது யாருக்கும் சுகம். நீங்கள் முடிவெடுக்கும்போது பின்னேரம் என்ற ஒன்று உங்கள் கையில் இருக்காது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதாம் உள்ளே வந்தார். அடுப்பைச் சுற்றிக் காய்ந்துகொண்டிருந்த காலுறைகளைப் பார்த்தார். மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத் தட்டுகளைக் கழுவத் தொடங்கினார்.

"உன் கணவர் எங்கே?" என்று கேட்டார்.

"பஸ் போய்விட்டது."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டு கழுவினார். நான் துடைத்தேன்.

செய்தது சரி என்றோ பிழை என்றோ அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த பருவம் தொடங்கும்போது மேசையில் சாப்பாடு வைக்கும்போதே காசு வாங்கும் முறையைக் கொண்டுவந்தார். அதுதான் அவர் தந்த பதில் என்று நான் எடுத்துக்கொண்டேன். இனி ஒருவர் வாங்கில் ஏறி "இறங்குங்கள்" என்று கத்த வேண்டி வந்தால், காசு வாங்காத தட்டுகளை நினைத்து அவருடைய நாக்குத் தடுமாறக்கூடாது. நல்ல முடிவெடுக்கிறவருக்கு அதனால் நட்டம் வராதபடி கடையை ஒழுங்குபடுத்தி வைப்பதும் லாபம் பார்ப்பதில் ஒரு பகுதிதான். அன்றைக்கு விளங்கிய இது பிறகு நான் பொறுப்பாக இருந்த எல்லா இடத்திலும் எனக்கு உதவியது.

நான் பாரிசுக்குத் திரும்பியபோது சவிரி மெத்ரோ வாசலில் நின்றார். நான் முதலில் கேட்டது, "உண்மையா லைற்றைக் கண்டனீங்களோ?" என்றுதான்.

"கண்டனான் எண்டு சொன்னனான்தானே," என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அந்த வருடம் ஐப்பசியில் மதாம் மறுபடி மலைக்குக் கூப்பிட்டபோது நான் ஒரு நிபந்தனை வைத்தேன். மலைக் கடையின் கூரைக்கடியில் ஓர் அறை இருந்தது. விடுமுறைக் கிழமைகளில் அதை நல்ல வாடகைக்கு விருந்தினருக்குக் கொடுப்பார். அதை வேலைசெய்யும் கணவன் மனைவிக்குக் கொடுங்கள் என்றேன்.

"அந்த அறை எனக்கு எவ்வளவு தருகிறது என்று தெரியுமா?"

"தெரியும். ஒவ்வொரு மாசியிலும் வேலையாட்களில் யாராவது பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள், அது என்ன எடுக்கிறது என்றும் பாருங்கள். விடுமுறையின் நடுவில் பழகிய ஆள் போனால் இன்னொருவர் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அவர் பழகும் வரை வரிசை நீளும். கதவு வரை வந்து திரும்புகிறவர்களை நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். இந்த வேலையாட்கள் சம்பளம் போதாமல் போகவில்லை, மதாம். தனிமை தாங்காமல் போகிறார்கள்."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "நீ உனக்காகக் கேட்கிறாய்."

"ஓம், எனக்காகத்தான் கேட்கிறேன். ஆனாலும் கணக்குச் சரி."

மதாம் சிரித்தார். அறை கிடைத்தது.

அன்று பின்னேரம் அதைச் சொல்ல நான் லா சப்பல் மெத்ரோவுக்கு அடியில் காத்திருந்தேன். சவிரி வேகமாக வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பிலோ, கடை கிடைச்சிட்டுது!"

அவரும் ஒரு சிநேகிதரும் சேர்ந்து லா சப்பலில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை எடுக்கக் கனநாளாக அலைந்தார்கள். சாவி அன்றுதான் கைக்கு வந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு முதல் திறக்கவேண்டும், பிறகு ஒரு நாளும் பூட்ட முடியாது. மேலே ரயில் போனது. அது போய் முடியும் வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நீர் என்னவோ சொல்ல வந்தனீர்," என்றார்.

"அறை தந்திட்டினம்."

அவருடைய சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. "அப்ப என்ன செய்வம்?"

"கடையைத் திறப்பம். மதாமுக்கு வாக்குக் குடுத்திட்டன், இந்த ஒரு பருவம் போட்டு வாறன். அறையிலை வேறை ஆரும் இருக்கட்டும்."

அப்படித்தான் செய்தோம். கடை நல்லபடியாக ஓடியது. பிள்ளைகள் பிறந்தார்கள். நான் பாரிசிலேயே வேறு சமையலறைகளை நடத்தி ஓய்வும் பெற்றுவிட்டேன். மலையில் இருந்தபோது லா சப்பலுக்கு ஏங்கினேன். லா சப்பலுக்கு வந்த பிறகு, வெயில் எறிக்கும் மார்கழி மத்தியானங்களில் மலைக்கு ஏங்கினேன். சவிரி ஒரு நாளும் மேலே வந்து பார்க்கவில்லை. போவம், போவம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். இப்போது அவர் இல்லை. அதனால் இனி ஒருவரையும் "பிறகு பாப்பம்" என்று விடாதீர்கள் என்று சொல்லலாம். சொன்னாலும் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும். கடை திறந்திருக்கும்போது யார்தான் போகிறார்கள்?

அந்தக் கடைசிப் பருவத்தில், கூரைக்கடி அறைக்கு லா சப்பலில் இருந்து ஓர் இளம் சோடி வந்தது. யாழ்ப்பாணப் பிள்ளைகள். அவனுக்குச் சமையலறையில் வேலை, அவளுக்கு என்னோடு. நானே அவர்களை மேலே கூட்டிக்கொண்டு போனேன். அவள் யன்னலைத் திறந்து பனியைப் பார்த்தாள். கட்டிலில் கையை வைத்து அமத்திப் பார்த்தாள். முந்தி இருந்தவர்களுடைய சாமான் ஏதும் இருக்குமோ என்று அலுமாரியையும் திறந்தாள்.

"அக்கா, இந்த அறையிலை முந்தி ஆர் இருந்தது?"

"வேலைசெய்யிற ஆக்கள் ஒருத்தரும் இல்லை, பிள்ளை," என்றேன். "நீங்கள்தான் முதல்."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுக் கீழே வந்தேன். கேபிள் கார் ஓடத் தொடங்கியிருந்தது. மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.